தண்டல் கணக்கையும் புத்தகத்தில் சேருங்கள்

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். காசிமேட்டில் ஒரு மொட்டை மாடியில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பதினைந்து இருபது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். போன மாதம் கூட்டுவட்டி நடத்தினேன். பலகையில் ‘ஆண்டுக்கு 24% வட்டி’ என்று எழுதியதும் முன்வரிசையில் ஒருத்தி, “இவ்ளோ வட்டியா மிஸ்? அநியாயமா இருக்கே!” என்றாள். “உங்க வீட்ல யாராவது வட்டிக்கு வாங்கியிருக்காங்களா?” என்று கேட்டேன். “எங்க ஆயா கம்மல் அடகுல இருக்கு. ஆனா ரெண்டு ரூபா வட்டிதான், கம்மிதான்.”

ரெண்டு ரூபா வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் அதே 24. பெருக்கல் அவளுக்கு நன்றாகவே வரும். வீட்டில் பேசுகிற வட்டியும் பலகையில் எழுதுகிற வட்டியும் ஒரே சரக்கு என்றுதான் யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நானும் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்பில் தனிவட்டி, எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி. அந்தப் பாடத்துக்கு ‘வாழ்வியல் கணிதம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நல்ல பெயர். ஆனால் எங்கள் தெருவின் வாழ்வில் ஓடுவது தண்டல்.

மீன் விற்கிற அம்மாக்களுக்கு விடியற்காலை ஏலத்தில் கூடை எடுக்க ரொக்கம் வேண்டும். 10,000 ரூபாய் தண்டல் என்று எழுதி, 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். அப்புறம் தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இது எத்தனை சதவீதம் என்று கேட்டேன். மொத்த வகுப்பும் “15!” என்றது.

சரி, கைக்கு வந்தது எவ்வளவு? 8,500. அந்த 8,500-ஆவது நூறு நாளும் கையிலேயே இருந்ததா? இல்லை, மறுநாளே 100 திரும்பிப் போகிறது. முதல் நாள் முழுப் பணம், கடைசி நாள் ஒன்றுமில்லை, சராசரியாகப் பாதிதான் கையில் என்று வைத்துக்கொண்டால் 4,250. அதற்கு 1,500 வட்டி, அதாவது 35 சதவீதம். அதுவும் வெறும் 100 நாளுக்கு. வருஷக் கணக்காக்கினால் 129 வருகிறது. பாதி என்று எடுத்தது தோராயம்தான். துல்லியமாகப் போட்டாலும் 120-ஐத் தாண்டும். வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு பையன் மட்டும் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டுவட்டிக்கும் வெளியே போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நகை அடகுக் கடைக்குப் போகிற காலம் அது. 20,000 ரூபாய்க்கு ரெண்டு ரூபா வட்டியில் வைத்த நகைக்கு ஒரு வருஷ வட்டி 4,800. கட்ட முடியாவிட்டால் பழைய சீட்டைக் கொடுத்துவிட்டு 24,800-க்குப் புது சீட்டு போடுவார்கள். அடுத்த வருஷம் திருப்பப் போனால் 30,752. தனிவட்டியாக இருந்தால் 29,600. அந்த 1,152 ரூபாய் வித்தியாசம் வட்டிக்கு விழுந்த வட்டி. நீங்கள் சூத்திரமாகக் கொடுத்திருப்பதும் அதையேதான். புது சீட்டு போடுகிற அந்த நிமிஷத்தைக் காட்டினால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

தனிவட்டிக்குத் திருவொற்றியூர் கோயிலைச் சொல்லலாம். விளக்கெரிக்கப் பொன் கொடுத்த செய்திகள் அங்கே கல்வெட்டுகளில் இருக்கின்றன. பொன் முதலாக நிற்கும், அதன் வட்டியில் விளக்கு எரியும். வட்டியைப் பொலிசை என்பார்கள். வருகிற வட்டி அந்தந்த வருஷமே எண்ணெயாகச் செலவாகிவிடுவதால் முதல் ஏறாது. பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

“பிள்ளைகளுக்குக் கடன் வாங்கவா சொல்லித் தருவது?” என்று ஒரு ஆசிரியர் நண்பர் கேட்டார். அநியாய வட்டியைத் தடுக்க 2003-இல் மாநிலத்தில் வந்த சட்டத்திலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் இருக்கின்றன. சட்டத்துக்கு ஆகிற சொல் பாடத்துக்கு ஆகாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று அந்தப் பெண்ணிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆயாவின் கம்மல் எங்கே இருக்கிறது என்பது வகுப்பு முழுவதும் தெரிய வேண்டிய விஷயமில்லை. மறுநாள் அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். புத்தகத்திலேயே இந்தக் கணக்கு இருந்தால் நான் யார் வீட்டையும் இழுக்க வேண்டியிருக்காது. இந்த மடல் எழுதியதே அதற்காகத்தான்.

தொடக்கத்துக்கு ஒன்றை நானே தருகிறேன்: ‘மீன் விற்கும் ஒருவர் 20,000 ரூபாய்த் தண்டலுக்கு எழுதி 17,000 பெறுகிறார். தினம் 200 வீதம் 50 நாள் கட்டிவிட்டார். இன்றே கடனை முடிக்க விரும்புகிறார். அவர் தர வேண்டியது 10,000 ரூபாயா, அதைவிடக் குறைவா? காரணம் கூறுக.’

மதிப்பெண் ஐந்து போடுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு டியூஷன் டீச்சர்