அரையாண்டு லீவும் தாத்தா பாட்டி ரெக்கார்டிங்கும்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்,

அரையாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. ஸ்போர்ட்ஸ்ல பசங்க மெடல் வாங்கினாங்க, அறிவியல் கண்காட்சியும் நல்லா போச்சு, எல்லாருக்கும் வாழ்த்துக்கள்.

இப்ப எட்டாவது, ஒன்பதாவது பசங்க வீட்டு பெரியவங்ககிட்ட எடுத்த பேட்டிய பத்தி கொஞ்சம் பேசணும். யுனெஸ்கோ 2003ல ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தாங்க, இந்தியா 2005ல அதுல சேந்துச்சு, வாய்வழிக் கதை, கூத்து, சடங்கு, கைத்தொழில் இதெல்லாமும் காப்பாத்த வேண்டிய பாரம்பரியம்னு அதுல இருக்கு. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் அதுக்கு பஞ்சமே இல்ல. திரௌபதியம்மன் கோயில் மகாபாரதத் திருவிழாவுல விடிய விடிய கூத்து பாத்துட்டு அப்படியே துரியோதனன் வதம் நடக்குற படுகளத்துக்கு போனவங்க, எருது விடுற விழாவுக்கு மாடு பழக்கினவங்க எல்லாம் நம்ம வீட்லயேதான் இருக்காங்க.

ஆனா நிறைய ரெக்கார்டிங்ல அவங்க குரலை விட உங்க குரல்தான் ஜாஸ்தி கேக்குது. "ஸ்கூலுக்கு குடுக்கறதும்மா, ஒப்பாரி எல்லாம் பாடாத", "தெலுங்குல சொல்லாத, டீச்சருக்கு புரியாது". சிலர் யூடியூப் பாத்து எழுதிக்குடுத்து வாசிக்கவே வெச்சிருக்கீங்க. மார்க் போயிடக்கூடாதுன்னு செஞ்சிருப்பீங்க, புரியுது, ஆனா பாட்டி பாதியில நிறுத்தி யோசிக்கிறப்ப யாரும் குறுக்க பேசாம இருந்தாதான் மறந்த அடி ஞாபகத்துக்கு வரும், நாத்து நடும்போது பாடினது தெலுங்கோ கன்னடமோ அவங்க பாடின மாதிரியே எங்களுக்கு வேணும்.

கண்டிப்பாவே சொல்றேன், எழுதி வாசிச்சதையும் நீங்க பதில் சொன்னதையும் வாங்க மாட்டோம், திருப்பி அனுப்புவோம். பெரியவங்களை கேக்காம அந்த வீடியோவை ஸ்டேட்டஸ்ல, ரீல்ஸ்ல போடவும் கூடாது, பேரன் பேத்திய நம்பி சொன்ன குடும்பக் கஷ்டமும் அதுல இருக்கு.

லீவுல திரும்ப எடுங்க. ஃபேனை நிறுத்திட்டு, போனை ஏரோபிளேன் மோட்ல போட்டு அவங்க பக்கத்துல வெச்சிருங்க, முதல்ல பேரு, ஊரு, தேதி, சம்மதம் நாலையும் சொல்ல வெச்சுட்டு பிள்ளைகிட்ட விட்டுட்டு நகர்ந்துடுங்க. கட் பண்ணாம முழுசா குடுங்க, ஒரு காப்பி வீட்லயும் இருக்கட்டும். போன் இல்லாதவங்க சொல்லுங்க, ஸ்கூல்லயே எடுத்துக்கலாம்.

ராகிய தானியக் குதிர்ல பூச்சி விழாம எப்படி வெச்சாங்கன்னு ஒரு பாட்டி நிதானமா சொல்லியிருக்காங்க, பேத்தி நடுவுல ஒரு வார்த்தை பேசல, அதை ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம். அந்த வீட்டுக்கும், வேலைய விட்டுட்டு இதுக்கு நேரம் ஒதுக்கின எல்லாருக்கும் மனசார நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்