விழுந்த மரம் கிடக்கட்டும்

அன்புள்ள நண்பா,

மூட்டுவலி தணிந்ததா? இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை.

ஆற்றைத் தூர்வாரி, கரையை நேராக்கி, சுத்தமாக வைத்தும் மீனைக் காணோம் என்று புலம்பியிருந்தாய். அந்தச் சுத்தம்தான் காரணம் என்றால் சண்டைக்கு வருவாய். நானும் முன்பு உன் கட்சிதானே!

ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை அரித்து மடு பறிக்கும். கோடையில் பெரிய மீன் பதுங்குவது அங்கேதான். இரண்டு மடுக்களுக்கு நடுவே தண்ணீர் சரளைக்கல் மேல் சலசலத்து ஓடுமே, அங்கே காற்று கலக்கும். பல மீன்கள் முட்டையிடுவதும் அந்தக் கல்லிடுக்கில்தான். நேராக்கினால் இரண்டும் போயிற்று. மழையில் ஒரே பாய்ச்சல், வெயிலில் கணுக்கால் தண்ணீர், அதுவும் சூடேறிக் கிடக்கும். வண்டல் வந்து கல்லிடுக்கை அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். மீன்குஞ்சு வாங்கி ஆற்றில் விடலாம் என்கிறாயே, எங்கே போய்க் குடியிருக்கும் அது?

அமெரிக்காவில், புளோரிடாவின் கிசிம்மி ஆறு 166 கி.மீ. வளைந்து நெளிந்து ஓடியது. 1962க்கும் 1971க்கும் இடையில் அதை 90 கி.மீ. கால்வாயாக்கினார்கள். பிறகு 1999 முதல் 2021 வரை அதே கால்வாயில் சுமார் 35 கி.மீ. தூரத்தை மண்போட்டு மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பினார்கள். ஆக்சிஜன் கூடியது, மீனும் பறவையும் திரும்பின. வெட்டியதைவிட மூடத்தான் அதிக காலம், பார்த்தாயா?

அதே நாட்டின் மேற்கில் ஓடும் கிளாமத் ஆற்றில் 2024க்குள் நான்கு அணைகளை இடித்தார்கள். சில வாரங்களிலேயே, நூறாண்டுக்கு மேல் மறிக்கப்பட்டிருந்த பகுதிக்குள், முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறும் சால்மன் மீன் ஏறிவிட்டது. அணைதான் என்றில்லை. சாலைக்கடியில் பதித்த குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்றாலும் சின்ன மீனுக்கு அது அணைதான். உங்கள் பக்கத்துக் குழாய்களைப் போய்ப் பார்.

ஆற்றில் சாய்ந்த மரத்தை அடுத்த மாதம் இழுத்துப்போடப் போவதாக எழுதியிருந்தாய். அமெரிக்காவின் வடமேற்கிலும், மீனுக்கு வழி மறிக்கிறது என்று சொல்லி இப்படித்தான் பல ஆண்டுகள் மரங்களை அகற்றினார்கள். இன்று ஹெலிகாப்டரில் தூக்கிவந்து திரும்பப் போடுகிறார்கள்! கிடக்கும் மரம் நீரைத் திருப்பி மடு தோண்டும், சரளையைப் பிடித்துவைக்கும், குஞ்சுக்கு ஒளிவிடம் தரும். பாலத்துத் தூணில் போய் முட்டும் மரமென்றால் வேறு கதை. உன்னுடையது எது?

நான் வந்து பார்க்கும்வரை யாரையும் தொடவிடாதே. பதினைந்து நாளில் கிளம்புகிறேன்.

என்றும் உன்,
பழைய தூண்டில் கூட்டாளி