ஃபோர்க் குழாய் பற்றி

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி சைக்கிள் மிதிக்கிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாள். நீயே செய்யப் போகும் சைக்கிள் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) வரைபடத்தை என்னிடமிருந்து பிடுங்கி முதலில் பார்த்ததே அவள்தான்.

சரி, ஃபோர்க்குக்கு எந்தக் குழாய், எவ்வளவு தடிமன் என்று கேட்டாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியம் வேண்டாம். எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்கு. எஃகில் ஓர் அளவுக்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை லட்சம் முறை குலுங்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. போதாததற்கு, 6061 என்ற அலுமினியக் கலவையை வெல்டிங் செய்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும். திரும்ப ஹீட் ட்ரீட்மென்ட் பண்ண உன் கொட்டகையில் உலையா இருக்கிறது?

4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு), சீம்லெஸ்ஸாக, அதாவது ஒட்டுத் தையல் இல்லாமல், கிடைத்தால் அதையே வாங்கு. மிச்சம் கிடக்கும் ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை) தொடாதே. சூடு பட்டால் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளிவிடும்.

தடிமனைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தாய். முதலில் விட்டத்தைப் பார். 25.4 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. சுவர் உள்ள குழாயைவிட 28.6 விட்டம், 1.0 சுவர் உள்ளது கிட்டத்தட்ட கால் பங்கு அதிக விறைப்பு, எடையும் சற்றுக் குறைவு. ஆனால் நீ டிஸ்க் பிரேக் மாட்டப் போகிறாய். பிரேக் பிடிக்கும்போது, பிரேக் மாட்டும் ஃபோர்க்கின் இடது காலின் அடிப்பகுதிதான் வளையப் பார்க்கும். அதனால் ஃபோர்க் கால்களுக்கு 28.6 விட்டத்திலேயே 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., போடு. கீழே ஒல்லியாகக் கூம்பும் அழகெல்லாம் உனக்கு வேண்டாம்.

ஸ்டீரரில், அதாவது ஃபோர்க்கிலிருந்து ஹேண்டிலுக்கு ஏறும் குழாயில், மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. கிரவுனுக்கு (இரண்டு கால்களும் ஸ்டீரரோடு சேரும் இடத்துக்கு) சற்று மேலே, கீழ் பேரிங் உட்காரும் இடத்தில்தான் வளைவு விசை உச்சம். அங்கே ஒடிந்தால் ஹேண்டில் கையில் இருக்கும், சக்கரம் இருக்காது. ஸ்டீரரின் மேல்பகுதிக்கு 16 கேஜ், 1.6 மி.மீ., போதும். கிரவுன் பக்கம் சுவர் 2.3 மி.மீ. வரை தடிக்கும் ஸ்டீரர்கள் உண்டு, பட்டட் என்பார்கள். விலை கூடினாலும் அதை மட்டும் ரெடிமேடாக வாங்கிவிடு.

கடைக்குப் போகும்போது தடிமன் அளக்க வெர்னியரை எடுத்துப் போ. 18 கேஜ் என்று சொல்லி அதைவிட மெல்லிய 20-ஐத் தள்ளிவிடுவார்கள். வாங்கியதும் அளவுகளை எழுது. ஜிக் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) போடும் வாரம் நானும் வருகிறேன், சின்னவளும் வருவாளாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்