21 கியருக்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே கடையில் ஒரு சைக்கிள் 6,000 ரூபாய், பக்கத்தில் நிற்பது 14,000, உள்ளே தனியாக மாட்டி வைத்திருப்பது 60,000. இதில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு தோற்றத்துக்கு என்று வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. பள்ளி திறக்கும் சமயத்தில் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், 21 கியர். காசு வீணாவது பெரும்பாலும் 10,000 முதல் 15,000 வரையிலான இந்த வகையில்தான்.

கியரையே எடுத்துக்கொள்வோம். 21 என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. வழக்கமான அளவு முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை. 42-ஐ 28-ல் போட்டாலும், 24-ஐ 16-ல் போட்டாலும் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுதான் சுற்றும். இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கழித்தால் உருப்படியாகத் தேறுவது பாதிக்குக் கொஞ்சம் மேல். மேடில்லாத ஊரில் அதிலும் மூன்று போதும். மீதிக்கெல்லாம் கேபிள், கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினை நகர்த்தும் டிரெய்லியர் என்று பராமரிப்புச் செலவு மட்டும் நிற்கும்.

அதைவிட முக்கியம், அந்த 7 பல்சக்கரம் எதில் உட்கார்ந்திருக்கிறது என்பது. விலை குறைந்த கியர் சைக்கிளில் ஃப்ரீவீல், அதாவது பின்னோக்கிச் சுழலவிடும் பொறியும் பல்சக்கரமும் சேர்ந்த ஒரே துண்டு, சக்கரத்தின் நடு ஹப்பில் உள்ள மரையில் திருகப்பட்டிருக்கும். வலப்பக்கப் பால்ரஸ் அதற்கு உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் ஒரு நீளம் தாங்கலில்லாமல் நிற்கும். கேரியரில் ஆள் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினால் அந்த இடத்தில்தான் வளையும், உடையும். பல்சக்கரங்களை மட்டும் ஹப்பின் மேல் செருகும் கேசட் வகையில் வலப்பக்கப் பேரிங் ஓரம்வரை வந்துவிடுவதால் இந்தத் தொல்லை அரிது. கண்டுபிடிக்க வழி உண்டு: பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பல்சக்கரத்தின் நடுவில் கருவி மாட்டும் வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

இந்த விலையில் வரும் ஷாக் அப்சார்பர் வெறும் ஸ்பிரிங். அதிர்வை அடக்கும் எண்ணெய் உள்ளே இல்லை. சாதா ஃபோர்க்கைவிட ஒரு கிலோவாவது கூடுதல். மழையில் துரு பிடித்து இறுகினால் தனி உதிரி கிடைக்காது, முழு ஃபோர்க்கையே மாற்ற வேண்டும். நடுவிலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளென்றால் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கும். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பிரேக் பேட் மட்டுமே நகரும், மறுபக்கத்தை ஆலன் கீ கொண்டு அவ்வப்போது நெருக்க வேண்டும். செயினுக்கு அடிக்கிற ஆயில் டிஸ்க் தட்டில் தெறித்தால் பேட் கெட்டது. அலாய் ரிம்மும், ரிம்மை இருபக்கமும் நெருக்கிப் பிடிக்கும் வி-பிரேக்கும் உள்ள சைக்கிள் பள்ளிக்குத் தாராளமாகப் போதும். குரோம் பூசிய இரும்பு ரிம்தான் மழையில் சரியாகப் பிடிக்காது.

அதே விலைக்கு ஸ்பிரிங் இல்லாத, அலாய் ரிம் போட்ட, ஒற்றைக் கியர் சைக்கிள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 5,000 முதல் 7,500 வரை விற்கும் கறுப்பு டபுள் பார் சைக்கிளையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 20 கிலோ எடைதான். ஆனால் பின் ஹப்பின் கால் அங்குலப் பால்ரஸ் முதல் வால்வு டியூப் வரை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும்.

20,000-க்கு மேல் ஹைபிரிட் வகையில் (ரேஸ் சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்டது) கொடுக்கிற காசு பொருளில் தெரியும்: அலுமினிய ஃபிரேம், 700-க்கு 35 அளவு (35 மி.மீ. அகல) டயர், 13 கிலோவை ஒட்டிய எடை, நல்லதென்றால் கேசட். 50,000-க்கு மேல் ரேஸ் சைக்கிள் வாங்குபவர்களுக்கு ஒன்று: விலை அத்தோடு முடியாது. பின் பல்சக்கரம் 11, 12 என்று கூடக் கூடச் செயின் மெலியும், விலை ஏறும். 12 அங்குல நீளச் செயின் 12⅛ அங்குலம் அளக்கும்வரை விட்டுவைத்தால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

பெட்டியில் வரும் சைக்கிளை வீட்டில் பூட்டுபவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. வலுக்கட்டாயமாக முடுக்கினால் பெடல் மாட்டும் கையான கிராங்க்கின் மரை போய்விடும். அடுத்து, ஃபோர்க்கைத் திருப்பி மாட்டுவது. முன் டிஸ்க்கின் கேலிபர் (பேட் இருக்கும் பகுதி) ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓட்டியதும் கிராங்க் நட்டை ஒருமுறை முடுக்கி, சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும் அவசியம்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் சைக்கிளில் 700 ரூபாய் மிச்சம். பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் விலை அட்டையில் கியர் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுகிறார்கள். அதற்குக் கீழே நான்கு விவரம் சேர்க்க வேண்டும்: மொத்த எடை, ஃபிரேம் எந்த உலோகம், ரிம் இரும்பா அலாயா, ஃப்ரீவீலா கேசட்டா.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக்,
மதுரை