அருவிக்குப் போகலாமா என்று கேட்டாயே

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்ததில் மகிழ்ச்சி. அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியதில் அதைவிட மகிழ்ச்சி. இதைச் சாக்காக வைத்து மாத்திரையை நிறுத்தப் பார்ப்பார், விடாதே. இங்கே புதிதாக ஒன்றுமில்லை. சாலை நெரிசலும் அப்படியே, என் முழங்காலும் அப்படியே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பத்து பெரிங்கி கடற்கரையில் தங்கும்போது வழிகாட்டியோடு அருவிக்கு நடந்து போகப் பணம் கட்டலாமா, யூடியூப்பில்தான் பாதை முழுக்க இருக்கிறதே, நாமே போய்விடலாம் என்று மருமகன் சொல்கிறார் என்றாய். பணம் கட்டு. ஜோகூரிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்தபோது நானும் கூடப் போனேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கிற அருவியை நினைத்துக்கொண்டு வராதே. நாங்கள் போனது தீத்தி கெராவாங். தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் போகும் மலைச்சாலையில், டுரியான் கடைகள் இருக்கிற பக்கம். மழை இல்லாத வாரம் வேறு. பெரிய பெரிய கருங்கல் பாறைகள், நடுவே கணுக்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான். அந்த ஓடையின் தண்ணீரைக் குழாய் போட்டுக் குடிநீருக்கு எடுக்கிறார்கள்; மிச்சம்தான் நமக்கு. தங்கச்சி மகன் முகத்தைச் சுளித்தான். வழிகாட்டி, பாலேக் பூலாவ்காரர், மலாய்க்காரப் பெரியவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: “காலையில் ஹோட்டலில் குளித்தாயா? அப்படியென்றால் நீ அருவியில் குளித்தாயிற்று.”

எனக்கு அது பிடித்துப்போனது. வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் வாளி தூக்கிய கதையை நீ கோலாலம்பூரிலிருந்து எத்தனை தடவை எழுதியிருக்கிறாய்! இந்தத் தீவில் அருவி என்றால் முதலில் குடிநீர், அப்புறம்தான் வேடிக்கை. 1884-இல் தொடங்கிய பொட்டானிக் கார்டன் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய அருவியும் தண்ணீர் வாரியத்தின் கையில்தான். அனுமதி இல்லாமல் கிட்டே போக முடியாது. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பக்கத்திலேயே இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகிறேன், அந்த அருவியை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. தெலுக் பஹாங் அணையை 1999-இல் கட்டி முடித்தார்கள். இவ்வளவு இருந்தும் போதாது. பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது. தீவுக்குக் கடலுக்கு அடியில் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். நம் சுங்கை மூடாடி! சுங்கைப்பட்டாணித் தோட்டத்தில் இருந்தபோது அந்த ஆற்றுப் பக்கம் போனால் நம் அம்மாக்கள் பிரம்பு எடுப்பார்கள். இப்போது அதைத்தான் நான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

வழிகாட்டி காலில் என்ன போட்டிருந்தார் தெரியுமா? நம் அம்மாக்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது போடுவார்களே, கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதேதான். இப்போது அதற்குக் ‘கம்போங் அடிடாஸ்’ என்று பெயர். தங்கச்சி மாப்பிள்ளை நானூறு வெள்ளி விலையுள்ள சப்பாத்தோடு பாசிப் பாறையில் தடுமாறிக்கொண்டிருந்தார். பெரியவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்கு அதையே வாங்கிக் கொடு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும்.

பாதை ஓரமெல்லாம் கிராம்பும் ஜாதிக்காயும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் வந்த பயிர். நோய் விழுந்து 1860-களில் தோட்டங்கள் அழிந்துபோயின. இப்போது இருப்பவை பிறகு வைத்த மரங்கள். பெரியவர் ஒரு ஜாதிக்காய்ப் பழத்தைப் பிளந்து சிவப்பு ஜாதிபத்திரியைக் காட்டினார். எத்தனை பிரியாணியில் போட்டிருப்பேன், பச்சையாகப் பார்த்தது அன்றுதான். மேலே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லொத்தோங் குரங்குகள், கறுப்பு அம்மா மடியில் மஞ்சள் நிறக் குட்டி. அவை சாது. கீழே சாலையோரத்தில் திரிகிற நீளவால் குரங்குகள்தான் ரௌடிகள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும், பேத்தியின் பால் புட்டியைப் பைக்குள்ளேயே வை.

இனி முக்கியமானது. மேல் குளத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. பெரியவர் நின்று மலை உச்சியைப் பார்த்தார், கைப்பேசியில் வானிலையைப் பார்த்தார், போதும் திரும்பலாம் என்றார். நாங்கள் நின்ற இடத்தில் நல்ல வெயில்! எங்களோடு வந்த இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர் கோபப்படாமல் ‘கெப்பாலா ஆயெர்’ என்கிற திடீர் ஆற்று வெள்ளம் பற்றிச் சொன்னார். மேலே எங்கோ கொட்டும் மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. குப்பையும் கட்டையும் அடைத்துத் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு ஒரே மொத்தமாக இறங்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும், ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவள் நான், இந்த மலையில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று வெள்ளம் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

யோசித்துப் பார், அருவி அழகாக விழும் நாளும் ஆபத்தான நாளும் ஒன்றுதான். யூடியூப்காரன் படம் பிடித்தது அப்படிப்பட்ட நாளில்தான் இருக்கும். மருமகனிடம் இதைச் சொல். பணம் கட்டுமுன் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல். வனத்துறை கொடுக்கும் மலிம் குனுங் (மலை வழிகாட்டி) அட்டை இருக்கிறதா? மேகம் கறுத்தால் பாதியில் திரும்புவீர்களா? எப்படியும் மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று வாக்குக் கொடுப்பவர் வேண்டாம்.

நர்ஸ் புத்தி போகாது, இதையும் எழுதிவிடுகிறேன். காலில் புண், சிராய்ப்பு இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டெங்கி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்.

பேத்தியையும் அண்ணனையும் என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் போய் வாருங்கள். தேதி முடிவானதும் வாட்ஸ்அப்பில் போடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கிளம்பாதே, பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டுவாய்.

அன்புடன்,
பரிமளா