உறைந்த தேனைக் கொட்டிவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாதம் சென்னையிலிருந்து என் மதினி போன் செய்தார். "நீ கொடுத்துவிட்ட தேன் அடியில் சீனி மாதிரி கட்டிவிட்டது. கலப்படம்தான், கொட்டிவிட்டேன்" என்றார். திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் என் தம்பி எடுத்த தேன் அது. எடுத்த அன்று பிழியும் கருவியின் கைப்பிடியைச் சுற்றியதே நான்தான். இதைச் சொன்ன பிறகும் மதினிக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

எங்கள் குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதல்ல. இலையுதிர்ந்து தை, மாசியில் புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. இதில் குளுக்கோஸ் அதிகம் என்பதால் சீக்கிரம் உறைந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி இளகும். அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம்.

நல்ல தேன் என்றால் தண்ணீரில் விட்டதும் கரையாமல் கீழே போக வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் நக்கக் கூடாது என்றெல்லாம் சோதனை சொல்கிறார்கள். கெட்டியான சீனிப்பாகும் தண்ணீரில் அடியில்தான் போகும். 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனி ஆய்வகம் வரை அனுப்பிப் பார்த்தது. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். அவ்வளவு பெரிய கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் விரல் நுனியில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் தேன் எடுக்கும் ஆளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். எந்த மாதம் எடுத்தது, அடை மெழுகால் மூடிய பிறகு எடுத்ததா என்று அவரிடம் நேரே கேட்கலாம். மூடாத அடையில் ஈரம் அதிகம், அந்தத் தேன் புளித்துப்போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனி, ஆடி மழையில் வெளியே தீனி கிடைக்காதபோது தம்பியும் பெட்டிக்குள் சீனிக் கரைசல் வைப்பான். அது தேனீக்கள் பட்டினியில் சாகாமல் இருக்க. அப்போது மேலே தேன் அறை இருக்காது, தேனும் எடுக்க மாட்டான். இதைப் பார்த்துவிட்டு "சீனித் தேன்" என்று பேசுகிறவர்கள் தை மாதம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. தேனீப் புழுக்கள் நீர் கட்டிய பைபோல ஆகிச் செத்தன. காலி பெட்டிகளை விறகுப் புரையில் அடுக்கிவிட்டு அப்பா பல நாள் யாரோடும் பேசவில்லை. குமரியிலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் இந்தத் தொழில் திரும்ப எழுந்தது. தம்பி நான்கு பெட்டியில் ஆரம்பித்தான்.

இப்போது அவனை வாட்டுவது விலை. பங்குனியில் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் தேன் சேர்ந்துவிடும். மழைக்காலச் சீனிக்கும், பெட்டிகளை ஏற்றி இறக்கும் வண்டி வாடகைக்கும் உடனே பணம் வேண்டும். வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தத் தேன் எங்கெங்கோ போய்விடுகிறது. எங்கள் மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும், எங்கள் தெருவிலேயே வெளியூர் பாட்டிலை வாங்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டில் வாங்கும் பத்துக் குடும்பம் இருந்தால் அவன் வியாபாரியிடம் கொஞ்சம் நின்று பேசலாம். பெட்டியை விற்கிற எண்ணமும் வராது. பெட்டி இருந்தால் பக்கத்துத் தென்னைக்கும் புளிக்கும் மகரந்தம் சேர்க்கத் தேனீ இருக்கும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். தை முதல் சித்திரை வரையாவது உழவர் சந்தைகளில் தேனீ வளர்ப்போருக்கு ஒரு மேசை ஒதுக்கித் தாருங்கள். பாட்டிலில் ஊரும், தேன் எடுத்த மாதமும், "உறைவது இயல்பு" என்ற வரியும் ஒட்டச் சொல்லுங்கள். மதினிக்கு அந்த வரியைப் பெரிதாக எழுதி ஒட்டி, இன்னொரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்