பல்லவனில் உடன் வந்தவர்களுக்கு

அன்புள்ள பயணிகளுக்கு,

பள்ளத்தூர் ஆச்சி எழுதுகிறேன். காரைக்குடியிலிருந்து எழும்பூர் போகும் பல்லவனில், மாற்றுத்திறனாளிகள் பெட்டியில், நடைவழி ஓரமாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தேனே, நான்தான். இறங்குகிற அவசரத்தில் யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பெயர்களையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்களில் யார் கண்ணிலாவது காதிலாவது இது பட்டால் போதும்.

முதலில் வெள்ளைக்கோல் தம்பிக்கு. கேலிப்பர் என்பது போலியோவால் வலு இழந்த காலில் மாட்டும் இரும்புத் தாங்கி. அதைப் போட்டவர் நிற்கும்போது முழங்காலில் பூட்டு விழுந்திருக்கும். பூட்டைத் தூக்கிவிட்டால்தான் உட்கார்ந்து காலை மடக்கலாம். அன்றைக்கு அந்தப் பூட்டு இறுகிப்போய், கால் குச்சி மாதிரி வழியில் நீண்டுவிட்டது. உங்கள் கோல் அதில் பட்டதும் மன்னிப்புக் கேட்டேன். நீங்களோ, "இரும்புச் சத்தம்... கேலிப்பரா ஆச்சி? காலை இழுக்காதீங்க, இடம் தெரிஞ்சுபோச்சு, நான் ஒதுங்கிப் போறேன்" என்றீர்கள். அப்புறம் கழிப்பறைக்குப் போகிறபோதும் திரும்புகிறபோதும் "வர்றேன் ஆச்சி" என்று ஒரு குரல். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியபிறகு, கேலிப்பரைப் பார்த்தே இராத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டீர்களே, எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

உங்களிடம் இன்னொன்றும் கவனித்தேன். பார்வையில்லாத உங்களுக்குக் கைப்பேசி திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லச்சொல்லத்தான் வேலை நடக்கும். எதிர் இருக்கைப் பையனுக்கோ அந்தக் குரல் ஆகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான். "பிள்ளைக்கு ஆட்டிசம்ங்க, கோச்சுக்காதீங்க" என்று அந்தத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். உடனே இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டீர்கள். மற்ற காது வண்டிக்கும் மனிதர்களுக்கும் வேண்டுமாம். ஒருவருக்குக் கைகொடுப்பது இன்னொருவருக்கு வாதையாகிவிடுவது எங்கள் பெட்டியில் சகஜம். சட்டத்தில் இதற்கு வழி கிடையாது, வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அதனால் சொல்லிய அந்தத் தாய்க்கும் என் நன்றி. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் இருந்தவை ஏழே குறைபாடுகள். 2016 சட்டம் 21 ஆக்கியபோதுதான் ஆட்டிசம் அதில் இடம்பெற்றது. என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் அதைப் பிள்ளை வளர்ப்பின் குறை என்றே நினைக்கிறார்கள்.

சக்கர நாற்காலி அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. திருச்சியில் கூட்டம் ஏறியது. ஊன்றுகோலோடு வந்த ஒருவர், சுடிதார் போட்ட பெண்ணைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கே, எந்திரிம்மா" என்றார். அவள் திரும்பவில்லை. "காது கேக்கலையா?" என்று குரல் உயர்ந்தது. கேட்காதுதான்! முன்னமே சைகையில் அவளோடு பேசியிருந்த அண்ணன், "அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது. நாம என்ன டிடிஆரா, ஒவ்வொருத்தர் அட்டையையும் கேக்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஊன்றுகோல்காரர் முகம் சுருங்கிப்போனது. விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணே நகர்ந்து அவருக்குப் பாதி இடம் கொடுத்தாள். அவரையும் குறை சொல்வதற்கில்லை. நிற்கிற வலி நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

பிறகு அவளும் வெள்ளைக்கோல் தம்பியும் அடித்த அரட்டை இருக்கிறதே! அவர் பேசியதைக் கைப்பேசி எழுதிக் காட்டியது. அவள் தட்டியதைப் படித்துச் சொன்னது. விழுப்புரம் வந்ததை அவரிடம் முதலில் சொன்னவள் அவள்தான். நடுவில் எங்கள் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை.

எழும்பூரில் என் பையைச் சுமந்து வந்த போர்ட்டருக்கும், கேலிப்பர் பூட்டுக்கு எண்ணெய் போட்டுச் சரிசெய்து கொடுத்த காரைக்குடி செருப்புக் கடைக்காரருக்கும் நன்றி.

பையனின் அம்மாவுக்குக் கடைசியாக ஒன்று. ஓலைக் கொட்டானில் இருந்த மகிழம்பூ முறுக்கை அவன் முகம் சுளிக்காமல் தின்றான் என்று பக்குவம் கேட்டீர்களே. பச்சரிசியோடு பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துச் சேர்த்து அரைக்கணும். தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால். வெண்ணெயைக் கொஞ்சமாகச் சேருங்கள். கூடினால் எண்ணெயில் உதிர்ந்துவிடும்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் ஆச்சி